அம்மனுக்குச் சொன்ன வண்டி

தை 20, ஞாயிறு

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வந்தபோது கலங்கலாக வந்தது. இரண்டு குடத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு அப்புறம் பிடித்தேன்.

அருள்முருகன் எழுந்ததிலிருந்து போனும் கையுமாக இருக்கிறான். கம்பெனி லீவு. தலை நரைக்கிற வயதில், ஜீப்பு பாறைமேல் ஏறுவதையும் ஆற்றில் இறங்குவதையும் வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறான். என் முகத்துக்கு நேராகவும் நீட்டினான். "பாரும்மா, நாலு சக்கரமும் சேந்து இழுக்குது." புதுச்சேரியில் நாம் இருக்கிற இந்தச் சாரத்தில் எங்கேடா பாறை இருக்கிறது என்று கேட்டேன். அது ஜீப்பு இல்லையாம், எஸ்யூவியாம். எனக்கு ஜீப்புதான்.

ஊரில் என் அப்பா வழி நிலம் விற்ற பங்கு கைக்கு வந்ததிலிருந்து இந்த வீட்டில் வண்டிப் பேச்சுதான். பிள்ளைக்கு ஜீப்பு வேண்டும். மருமகள் சரிதாவுக்கு, பின்னால் சாமான் ஏற்றுகிற பிக்கப்பு வேண்டும். இருக்கிற பணத்தில் ஒன்றுதான் வரும், அதுவும் பழசு. பணம் என் பேரில் இருப்பதால் இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். இதற்கு முன் யார் பார்த்தார்கள்?

என் மனசு ஜீப்பு பக்கம். எழுதி வைப்பதில் என்ன வெட்கம். எதிர்வீட்டு அமிர்தவல்லி சொல்தா வீட்டுக்காரி. அவள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகும் அங்கிருந்து பென்ஷன் வருகிறது. மகன் பாரீசிலிருந்து வந்து இறங்கினால் ஒரு மாதத்துக்கு அவள் வாசலில் பெரிய வாடகைக் கார் நிற்கும். என் வாசலில் இதுவரை நின்றது மீன் பெட்டி ஏற்றுகிற லோடு ஆட்டோ. எங்கள் வீட்டுக்காரர் மில்லுக்குச் சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வந்தவர். மில்லை மூடின அன்றைக்கும் அதே சைக்கிளில்தான் வந்தார்.

ஒரு நல்ல வண்டி வாசலில் நிற்கட்டுமே.

தை 22, செவ்வாய்

சரிதா இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

விடியும் முன்பே தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வருகிறாள். பின்கட்டில் கழுவி வெட்டி, போனில் கேட்டவர்களுக்கு ரெட்டியார்பாளையம், லாஸ்பேட்டை என்று கொண்டு போய்க் கொடுக்கிறாள். ஆர்டர் எழுதுவது என் பேத்தி கார்குழலி, காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே. யாவாரம் நன்றாகத்தான் போகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் அந்தத் துறைமுகத்தை எட்டிப் பார்த்ததில்லை. நாங்கள் உழவு செய்த வீட்டுக்காரர்கள். மீன் தின்போம், விற்கமாட்டோம்.

இன்று லோடு ஆட்டோக்காரன் வேறு சவாரிக்குப் போய்விட்டு வெயில் ஏறின பிறகு வந்தானாம். ஐஸ் எல்லாம் தண்ணீர். பாதி மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்திருக்கிறாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அத்த, ஜீப்புல நாலு பேரு உக்காரலாம். மீனு எங்க உக்காரும்?"

மீன் உட்காரவா எங்கப்பன் நிலத்தை வித்தேன் என்று கேட்டேன். பின்கட்டுக்குப் போய் அரிவாள்மணையை எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது. சரக், சரக்.

தை 24, வியாழன்

வண்டி எப்போது வருகிறது என்று அமிர்தவல்லி கேட்கிறாள். இவளுக்கு யார் சொன்னது?

தை 27, ஞாயிறு

வாய். எல்லாம் இந்த வாயால்தான்.

திருக்கனூர் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். மாசி மகத்துக்கு ஊர்க்கூட்டம். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் எங்கள் பூங்காவனத்தம்மன் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவாள். சுற்றுப்பட்டு ஊர்ச்சாமிகள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும், கடலில் முழுக்காடும். எங்கள் அம்மனைக் கூட்டி வருவது பங்காளி சுப்பிரமணியனின் டிராக்டர். அதனால் அவனுக்குத்தான் முதல் பரிவட்டம், முதல் விபூதி, வாய் நிறையப் பெருமை.

இந்த வருஷம் டிராக்டரை விற்றுவிட்டானாம். கடன் என்கிறார்கள். கடன்காரன் அடக்கமாக இருக்க வேண்டியதுதானே. கோயில் வாசலில் எல்லோர் முன்னிலும் எழுந்து நின்று, "வாடகைக்கு எதனா வண்டி பாருங்க. நெலத்த வித்து டவுன்ல ஒக்காந்துக்கினு இருக்கறவங்க யாரும் அம்மனுக்கு வண்டி உடப் போறதில்ல" என்றான். என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் சொன்னதுதான் சுட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்தேன்.

"ஏன் உடமாட்டோம்? இந்த வருஷம் அம்மன் என் வூட்டு வண்டியில வருவா."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கோயில் பெரியவர் என்ன வண்டி ராஜாம்பா என்று கேட்டார். பெரிய வண்டி என்று சொன்னேன். அவர் உடனே தேங்காய் உடைத்து, சொன்ன வார்த்தைக்குச் சாட்சி என்று என் கையில் ஒரு மூடியைக் கொடுத்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது மூடி மடியில் கனத்தது. வாங்காத வண்டி. என்ன வண்டி என்றே தெரியாத வண்டி.

தை 28, திங்கள்

அருள்முருகனிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏம்மா, அம்மன் பீடம், பூ ஜோடன, குருக்களு, கொட பிடிக்கிறவன், இத்தன பேரும் ஜீப்புல எங்கம்மா நிப்பாங்க? மேல கூர இருக்குதுல்ல." கூரையைக் கழற்ற முடியாதா என்று கேட்டேன். கழற்றுகிற மாதிரி ஜீப்பு இருக்கிறது, அது நம்ம காசுக்கு வராது என்றான்.

அம்மனுக்குப் பின்பக்கம் திறந்த வண்டி வேண்டும். பிக்கப்புதான்.

சரிதா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிரிக்கவில்லை. ஆனால் மத்தியானக் குழம்பில் எனக்குப் பிடித்த தலைத்துண்டைப் போட்டாள். ஜெயித்துவிட்டேன் என்கிறாளா? தின்னாமல் வைத்துவிடலாமா என்று பார்த்தேன். தின்றுவிட்டேன்.

பிக்கப்பு வந்தால் அம்மன் வருவாள், சரி. மறுநாளிலிருந்து மீன் ஏறும். அடுத்த மாசியில் அதே பலகைமேல் அம்மனை எப்படி ஏற்றுவது? ஊர் என்ன சொல்லும்? இதை யோசிக்காமல் வாயைக் கொடுத்தேனே.

மாசி 4, ஞாயிறு

பழைய வண்டி விற்கிற சக்கரபாணி என்ற புரோக்கரிடம் போனோம். விழுப்புரம் ரோட்டில் தகரக் கொட்டகை, வரிசையாக வண்டிகள். நல்ல வெயில்.

அருள்முருகன் முதலில் ஜீப்பிடம்தான் போனான். கறுப்பு. எதிரே நின்றால் ஒரு கடா நிற்கிற மாதிரி இருந்தது. உள்ளதைச் சொன்னால் எனக்கும் பிடித்துப்போயிற்று. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. ஏறி உட்கார்ந்து பாரும்மா என்றான்.

ஏற முடியவில்லை. படி இடுப்புக்கு இருக்கிறது. வலது முட்டி மடங்குகிறது, இடது முட்டி வரமாட்டேன் என்கிறது. பாதியில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். சக்கரபாணி பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். எனக்கு ஸ்டூல் வேண்டாம் என்று கீழே இறங்கிவிட்டேன். பார்த்தது போதும் என்று சொல்லி வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதுவே அவமானம்.

பிக்கப்பு வெள்ளை நிறம். அதன் பலகையைத் தட்டிப் பார்த்தேன். இதில் என்ன ஏற்றினார்கள் என்று கேட்டேன். செங்கல் என்றார். மீன் ஏற்றினது உண்டா? சக்கரபாணிக்குப் புரியவில்லை. "செங்கல்லுதான் ஆயா. மோந்து வேணா பாருங்க." மோந்தும் பார்த்தேன். செங்கல் தூசிதான்.

அப்போது வண்டி என் கண்ணெதிரே நகர்ந்தது. ஓட்டுவது யார் என்று பார்த்தால் சரிதா. கொட்டகையைச் சுற்றிக் கொண்டு வந்து, பின்னாலேயே தள்ளி, இருந்த இடத்திலேயே கோடு போட்ட மாதிரி நிறுத்தினாள். போன வருஷமே கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். பிள்ளைக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியும்.

எனக்கு மட்டும்தான் தெரியாது.

மாசி 5, திங்கள்

முடிவைச் சொல்லிவிட்டேன். பிக்கப்பு வாங்கலாம், ஆனால் அதில் மீன் ஏறக்கூடாது. அம்மன் ஏறுகிற வண்டி.

சரிதா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னே எதுக்கு அத்தை பிக்கப்பு என்றாள். காய்கறி ஏற்று, பூச்செடி ஏற்று என்றேன். அப்போதுதான் கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஆடி மாசம் கூழு ஊத்தும்போது அம்மனுக்குக் கருவாட்டுக் கொழம்பு படைக்கிறது யாரு? நீங்கதான அத்த. உங்க கையாலதான வெக்கிறீங்க. அப்ப அவ மூக்கப் பொத்திக்கினாளா?"

ஆடி வேறு, மாசி வேறு என்று சொன்னேன். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது.

மாசி 6, செவ்வாய்

வீட்டில் டிவி மட்டும் பேசுகிறது.

மாசி 9, வெள்ளி

ஜீப்பையே வாங்குடா என்று சொல்லிவிட்டேன்.

அருள்முருகன் நம்பவில்லை. நிஜமாம்மா, நிஜமாம்மா என்று இரண்டு தடவை கேட்டான். சாயங்காலமே போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சின்ன வயதில் அவனுக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள்கூட வாங்கிக் கொடுத்ததில்லை நாங்கள்.

அம்மனுக்கு ஒரு டிராக்டரை வாடகைக்குப் பேசி, என் வீட்டு வண்டி என்று சொல்லிக்கொள்ளலாம். ஊரில் யாருக்குத் தெரியப் போகிறது? வாசலில் ஜீப்பு நிற்கும். சரிதாவுக்கு லோடு ஆட்டோ இருக்கவே இருக்கிறது.

எல்லாம் சரியாகத்தான் வருகிறது. பிறகு ஏன் உட்கார முடியவில்லை?

மாசி 11, ஞாயிறு

துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். கார்குழலி வந்து, "இன்னா ஆயா, துணிக்கும் உனக்கும் சண்டையா?" என்கிறாள். அவளைத் துரத்திவிட்டேன்.

வாடகை டிராக்டர் எப்படி என் வீட்டு வண்டி ஆகும்? சுப்பிரமணியனுக்குத் தெரியாமல் இருக்கலாம், பெரியவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மேலே உட்கார்ந்து வருகிறவளுக்கு? அவள் பேரைச் சொல்லித்தானே தேங்காய் உடைத்தார்கள்? அந்த மூடியை அன்றைக்கே துருவிச் சட்னி அரைத்துத் தின்றுவிட்டோம். கடவுளே.

மாசி 14, புதன்

தேங்காய்த்திட்டுக்குப் போய் வந்தேன். நான்.

கூட வருகிற உதவிப் பெண்ணுக்குக் காய்ச்சல். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சரிதா பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்கு டூட்டி. நான் வரேன் என்று வாய் சொல்லிவிட்டது. மறுபடியும் வாய்.

படகுகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. காலடியில் தண்ணீர், செதில், காக்காய். ஏலம் விடுகிறவன் என்ன சொல்கிறான் என்றே எனக்குப் புரியவில்லை. சரிதா ஒரு விரலை மட்டும் தூக்கினாள், கூடை அவள் காலடிக்கு வந்தது. பெரிய ஹோட்டல்காரன் ஒருவன் அந்தக் கூடையைத் தனக்குத் தள்ளச் சொன்னான். போங்கண்ணே, நாளைக்குச் சீக்கிரம் வாங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். வீட்டில் இத்தனை வருஷமாக அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் இருக்கிற வீட்டில் எப்படிப் பேசுவாள்?

சின்னப்பாப்பா என்று வைத்திக்குப்பத்து அம்மாள் ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், வெற்றிலை போட்டுக்கொண்டு கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். உங்க மருமவளுக்கு பிக்கப்பு எப்ப வருது என்று கேட்டாள். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னேன், எங்கள் அம்மனைத் தீர்த்தவாரிக்கு ஏற்றி வருகிற வண்டி, அதில் மீன் ஏற்றக்கூடாது பாருங்கள், அதான் யோசனை என்று. ஜீப்பு விஷயத்தைச் சொல்லவில்லை.

அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னாள்.

"உங்க சாமிய வண்டியிலேர்ந்து தோள்ல தூக்கினு போயி தண்ணில எறக்குறது யாருன்னு நெனச்சீங்க? எங்க வூட்டு ஆம்பளைங்க. காத்தால வல இழுத்த கையி. குளிச்சிட்டு வந்து தூக்குறாங்க. அவ்ளோதான்."

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். ஒவ்வொரு மாசிக்கும் நான் கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். தூக்குகிறவர்கள் யார் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அம்மனைத்தான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது லோடு ஆட்டோவில் பெட்டிகளுக்கு நடுவே நானும் சரிதாவும். மரப்பாலம் தாண்டினதும் கேட்டேன்.

"அந்த பிக்கப்புல முன்னாடி எத்தினி பேரு உக்காரலாம்?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டு பேரு அத்த. நெருக்கினா மூணு."

ஒரு பெட்டியை நகர்த்தி என் காலுக்கு இடம் விட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாசி 15, வியாழன்

ஜீப்பு வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனில் இருந்த ஜீப்புப் படத்தை என் எதிரிலேயே அழித்தான்.

சக்கரபாணிக்குப் போன் போட்டோம். அட்வான்ஸை வேறு வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வெள்ளை பிக்கப்பு போன வாரமே போய்விட்டது என்கிறார். மகத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

என் வீம்பு தின்ற நாட்கள்.

மாசி 18, ஞாயிறு

ஒரே ஒரு வண்டிதான் இருக்கிறது. நம் பணத்துக்குள் வருவது, இன்ஜின் நன்றாக இருப்பது, உடனே கைக்குக் கிடைப்பது. கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த நீல நிற பிக்கப்பு. அருள்முருகன் அடியில் படுத்துப் பார்த்தான், சரிதா ஓட்டிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் திருப்தி.

நான் பின்பக்கம் போய் நின்றேன். நிற்க முடியவில்லை.

மீன் வண்டி.

சாதாரணமாக அல்ல. வருஷக்கணக்காக மீனும் ஐஸும் ஏறிப் பலகைக்குள் இறங்கின வாடை. சக்கரபாணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆயா, போன தடவையே கேட்டீங்க. இது மீன் வண்டிதான், பொய் சொல்லமாட்டேன்" என்றார்.

செங்கல் வண்டி இருந்தது. மீன் ஏறக்கூடாது என்று நின்றேன். இப்போது மீன் வண்டியே வந்து நிற்கிறது. அவள் சிரிக்கிறாள் என்று நினைக்கிறேன். சரிதாவை இல்லை, அம்மனைச் சொல்கிறேன்.

யார் பேரில் எழுதட்டும் என்று கேட்டார் சக்கரபாணி. பணம் என்னுடையது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓட்டுறவ பேர்ல போடுங்க என்றேன். கொடுத்த காகிதம் முழுக்க இங்கிலீஷ். அஞ்சாவதோடு நின்றவளுக்கு அதில் என்ன தெரியும்? சரிதா கையெழுத்துப் போட்ட இடம் மட்டும் தெரிந்தது.

மாசி 21, புதன்

கழுவுகிறோம். சோப்புத் தூள் ஒரு நாள், புளிக்கரைசல் ஒரு நாள், இன்று மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும். கார்குழலி எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிப் பலகை இடுக்கில் தேய்த்தாள். பிள்ளை ஒரு பழைய பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசு அடித்தான். அவன் கோபம் சுத்தியலில் தெரிந்தது. பாவம்.

அமிர்தவல்லி எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, "ஜீப்புன்னாங்களே?" என்றாள். இல்லை, பிக்கப்பு என்று சொன்னேன். அவ்வளவுதான். இன்னும் ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாசி 26, திங்கள்

வாடை குறைந்திருக்கிறது. வெயில் பட்டால் மறுபடி வருகிறது. புதன்கிழமை மகத்தன்றும் வெயில் அடிக்கும்.

இன்னும் இரண்டு பொட்டலம் சாம்பிராணி வாங்கி வைத்தேன்.

மாசி 29, வியாழன்

நேற்று மகம். எழுத முடியவில்லை. காலெல்லாம் மணல், உடம்பெல்லாம் வலி. இன்று எழுதுகிறேன்.

ஊரிலிருந்து விடியற்காலையில் அம்மனை ஏற்றினோம். வண்டி முழுக்க வாழைக்கன்று, மல்லிகை, சாமந்தி. சாம்பிராணிப் புகையில் வாடை தெரியவில்லை. ஓட்டினது அருள்முருகன். அம்மன் வண்டியைப் பெண்பிள்ளை ஓட்டக்கூடாது என்று ஊரில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். சரிதாதான், விடுங்க, இன்னைக்கு அவர் ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டாள். அவனுக்காகச் சொன்னாளா, ஊருக்காகச் சொன்னாளா, தெரியவில்லை. அவள் என்னோடு பின்னால் வேனில் வந்தாள்.

வைத்திக்குப்பத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கள் வரிசை வந்தபோது வண்டியைக் கொஞ்சம் மணல் பக்கம் ஒதுக்கச் சொன்னார்கள். ஒதுக்கினான். பின்சக்கரம் புதைந்தது. முறுக்க முறுக்க மணல் பறக்கிறது, வண்டி இறங்குகிறது. மேலே அம்மன் ஒரு பக்கமாகச் சாய்கிறாள். குடை பிடித்தவன் கத்தினான். எனக்கு உயிரே இல்லை. கூட்டத்தில் யாரோ, "ஜீப்பா இருந்தா ஏறியிருக்கும்" என்று சொன்னான். பிள்ளை முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அவன் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். ஒவ்வொரு சக்கரத்திடமும் குந்தி உட்கார்ந்து காற்றைப் பாதி இறக்கினான். காத்தப் புடுங்கறான் பாரு, பைத்தியம் என்றார்கள். அப்புறம்தான் சொன்னான், சப்பைச் சக்கரம் மணலில் புதையாதாம். சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையாலேயே வாரினான். திரும்ப ஏறி மெதுவாக, முறுக்காமல், தவழுகிற மாதிரி எடுத்தான். குப்பத்து ஆட்கள் பின்னாலிருந்து தோள் கொடுத்தார்கள். ஏறிவிட்டது. அத்தனை நாள் வாயைத் திறந்துகொண்டு அவன் போனில் பார்த்த பார்வை இதற்குத்தான் போல.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பூ வாடியிருந்தது. சாம்பிராணியும் அணைந்துவிட்டது.

வந்தது வாடை.

முதலில் குருக்கள் முகத்தைச் சுளித்தார். பிறகு சுப்பிரமணியன், பரிவட்டம் இல்லாத தலையோடு, பத்துப் பேர் கேட்கிற மாதிரி சொன்னான். "இன்னாக்கா, பெரிய வண்டின்ன. மீனு வண்டி மாதிரி நாறுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவரும் பார்த்தார். பக்கத்திலே சரிதா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததைப் பார்த்தேன். துறைமுகத்தில் ஒரு விரலைத் தூக்குகிறவள், என் ஊர்க்காரன் முன்னால் குனிகிறாள்.

"மீனு வண்டிதான்" என்று சொன்னேன். "என் மருமவ வண்டி. நாளைக்கும் மீனுதான் ஏறும். நீ அம்மனக் கூட்டினு வந்தது எங்கடா? கடலுக்குத்தான? இங்க மல்லிப்பூ வாசமா அடிக்கும்?"

யாரோ ஒரு கிழவி சிரித்தாள். அப்புறம் பெரியவரும். சுப்பிரமணியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவன் முதுகைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது. டிராக்டர் இருந்தவன்.

குப்பத்து ஆட்கள் தலை ஈரத்தோடு வந்து பீடத்துக்குத் தோள் கொடுத்தார்கள். இந்தத் தடவை அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அம்மனையும் பார்த்தேன். அலை வந்து பாதத்தில் அடித்தது.

பங்குனி 9, ஞாயிறு

கூடப் போவது வழக்கமாகிவிட்டது. பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. இது ஜீப்பு அளவுக்கு உயரமில்லை, ஒரு கையால் கதவைப் பிடித்தால் ஏறிவிடுகிறேன். ஸ்டூல் இல்லாமல்.

இன்று ரெட்டியார்பாளையத்தில் சரிதா ஒரு மாடி வீட்டுக்குக் கொடுக்கப் போயிருந்தாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து, "ஆயா, வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்டாள். டீச்சர் போல இருக்கிறது. என்னையா கேட்கிறாள் என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். என்னைத்தான்.

"வஞ்சிரம் இன்னிக்கி வேணாம்மா. நேத்து எடுத்தது, ஐஸுல கெடக்குது. சங்கரா எடுத்துக்க, கண்ணு பாரு எப்பிடி இருக்குதுன்னு" என்றேன். செவுளைத் தூக்கியும் காட்டினேன். ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோவாக வாங்கிக்கொண்டு போனாள்.

சரிதா திரும்பி வந்தாள். கதை தெரிந்ததும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அத்த, ஐஸுல கெடக்குதுன்னு நீங்களே சொன்னா வஞ்சிரத்த நான் எங்க கொண்டு போயி விக்கிறது? நாளையிலேர்ந்து நீங்க வூட்லயே இருங்க." பாதி சிரிப்பு, பாதி நிஜம்.

ஏமாற்றி விற்கிற யாவாரமா நம்முடையது என்று கேட்டேன். நம்முடையது என்று சொன்னபோது அவள் கியரைப் போட்டுவிட்டாள். கேட்டதோ இல்லையோ.

நாளைக்கு என்னை விட்டுவிட்டுப் போகப் போகிறாளாம். போகட்டும் பார்க்கலாம். அவளுக்கு முன்னால் எழுந்து போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டால், இறக்கியா விடுவாள்?